பெட்டிக்குள் டேக் மட்டும்

காலை ஒன்பது ஐம்பதுக்கு ஸ்டோர் ஃபோன் அடித்தது. எடுத்ததுமே தங்கையின் குரல் என்று தெரிந்துவிட்டது. வேலை நேரத்தில் அவள் "அக்கா" என்று கூப்பிட மாட்டாள்.

"ஸ்டோரா? குழந்தைங்க வார்டிலேர்ந்து பேசறேன். சிரிஞ்ச் பம்ப் ஒண்ணு உடனே வேணும். எங்ககிட்ட இருக்கிற ரெண்டும் ஓடிக்கிட்டிருக்கு. மூணு வயசுக் குழந்தை, பிரஷர் இறங்கிக்கிட்டே போகுது."

"ரெண்டே நிமிஷம்" என்றாள் ஸ்டோரக்கா.

ஏதோ வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. உண்மையிலேயே ரெண்டு நிமிஷ வேலைதான் அது. பத்தொன்பது வருஷமாக அந்த மருத்துவமனையின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவள். அவளைவிட மூத்த டாக்டர்களுக்குக்கூட அவள் ஸ்டோரக்காதான். எட்டு மாதத்துக்கு முன்புவரை ஒரு பொருளைக் கண்டுபிடிக்க ஆறு மாடியும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒரு வார்டில் சக்கர நாற்காலியைக் குளியலறைக்குள் தள்ளி ஒளித்து வைத்திருப்பார்கள். இன்னொரு வார்டில் பிரஷர் பார்க்கும் மெஷினைத் துணி அலமாரிக்குள் போர்வைக்கு அடியில் தூங்க வைத்திருப்பார்கள். கேட்டால் யாருக்குமே தெரியாது, எல்லாருமே நல்லவர்கள்.

அப்புறம்தான் டேக் வந்தது. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வெள்ளை வில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒட்டியிருக்கும். கம்பி, வயர் எதுவும் கிடையாது. கையில் வைத்திருக்கும் தேடும் கருவியில் பெயரைத் தட்டி "தேடு" என்று அழுத்தினால் பொருள் எந்த மாடியில், எந்த அறையில் என்று திரை சொல்லும். பக்கத்தில் போனால் டேக்கே பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு கீச் கீச்சென்று கூவும். புதுசு வந்தாலே முகத்தைச் சுளிக்கிற ரகமில்லை ஸ்டோரக்கா. "என் முட்டி வலிக்கு டாக்டர் தந்த மாத்திரையைவிட இது நல்லா வேலை செய்யுது" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

அன்றைக்கும் அழுத்தினாள். சிரிஞ்ச் பம்ப், ஐந்து, ஸ்டோர், அவசர அலமாரி என்று திரை காட்டியது. அலமாரிக் கதவைத் திறந்தாள். மேல்தட்டில் ஐந்து அட்டைப்பெட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஐந்தும் கூவின. கைப்பிடி ஓட்டை வழியாகப் பச்சை வெளிச்சம் தெரிந்தது. முதல் பெட்டியை இறக்கினாள். கனம் சரியாக இருந்தது. நாடாவைக் கிழித்துத் திறந்தாள்.

உள்ளே பழைய செய்தித்தாளில் சுற்றிய இரண்டு சலைன் பாட்டில்கள். பெட்டியின் உட்சுவரில் ஒட்டிய டேக், தன் பாட்டுக்குக் கூவிக்கொண்டிருந்தது.

இரண்டாவது பெட்டியிலும் சலைன். மூன்றாவதிலும். நான்காவதிலும். ஐந்தாவதைப் பிரிக்காமல் தூக்கித் தரையில் போட்டாள். போட்டபிறகும் அது நிறுத்தாமல் கீச்சிட்டது.

ஓடினாள். முட்டியை மறந்து நான்காம் மாடி ஐ.சி.யூ.வுக்கு ஏறினாள். அங்கே ஒரு நோயாளியிடமிருந்து அப்போதுதான் கழற்றிய பம்ப் ஒன்று இருந்தது. அதைக் கிருமிநாசினியால் துடைத்து, சோதித்து, கையெழுத்து வாங்கித் தருவதற்குள் நாற்பது நிமிஷம் ஓடிவிட்டது.

அந்த நாற்பது நிமிஷத்தில் கீழே வார்டில் நடந்தது இதுதான். மருந்து மிகமிக மெதுவாக, ஒரே சீராக உள்ளே போக வேண்டும். பம்ப் இருந்தால் அதன் பாட்டுக்குப் போகும். இல்லாததால் டாக்டர் சொல்லித் தங்கை சொட்டுக்குழாயில் மருந்தை ஏற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக எண்ணினாள். இருபத்தெட்டு நிமிஷம் கண் இமைக்காமல் எண்ணினாள். குழந்தை ஒரு தடவை கையை உதறியது. குழாயின் திருகு நழுவியது. துளித்துளியாகப் போக வேண்டியது ஒரே மூச்சில் உள்ளே போய்விட்டது. குழந்தையின் இதயம் தாறுமாறாக அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.

ஸ்டோரக்கா பம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கட்டில் காலி. குழந்தையை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இவள் படியில் இறங்கும்போது அவர்கள் லிஃப்டில் ஏறியிருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் குழந்தையின் அம்மா, ஒற்றைக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தங்கை அக்காவைப் பார்த்தாள், அவள் கையிலிருந்த மெஷினைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கு?" என்றாள். அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு நிர்வாகி கூப்பிட்டனுப்பினார். மருத்துவமனையின் கட்டடம், ஆட்கள், சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. எப்போதும் சிரித்த முகம். யாரையும் திட்ட மாட்டார், அதற்குக் கடிதம் அனுப்புவார். ஸ்டோரக்கா ஐந்து டேக்குகளையும் பிய்த்தெடுத்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டு போனாள். அவர் மேஜைமேல் தட்டை வைத்தாள்.

"சார், யாரோ மெஷினை எடுத்துட்டு டேக்கை மட்டும் உரிச்சுப் பெட்டிக்குள்ள ஒட்டியிருக்காங்க. கனத்துக்குச் சலைன் பாட்டில் வச்சிருக்காங்க. இது கைதவறி நடந்தது இல்ல சார். திட்டம் போட்டுச் செஞ்சது."

நிர்வாகி ஒரு டேக்கை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட."

"வேற யார்கிட்ட?"

"இன்னொண்ணு உங்க ஆபீஸ்ல."

"என் ஆபீஸ் சாவி சீல் வச்ச கவர்ல இருக்கு" என்றார் அவர், அதே சிரித்த முகத்தோடு. "சலைன் யாரோட ஸ்டாக்? உங்களோடது. பெட்டி யாரோட அலமாரியில? உங்க அலமாரியில. அஞ்சு மெஷின் காணோம்னு இன்னிக்கு ஒரு குழந்தை உயிருக்குப் போராடும்போதுதான் உங்களுக்குத் தெரியுது. நான் என்னன்னு எடுத்துக்கறது? நீங்களே சொல்லுங்க."

ஸ்டோரக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "நான் திருடிட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் எதுவும் சொல்லலை. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. தலைமை டாக்டரும் இருப்பாங்க. அங்க சொல்லுங்க."

"முன்னெல்லாம் மாசாமாசம் பெட்டியைத் திறந்து எண்ணுவேனே சார். திரையில காட்டறதே இருப்பு, திறந்து பார்க்கற வேலை இனிமே வேண்டாம்னு சுற்றறிக்கை அனுப்பினது நீங்கதானே?"

"வேண்டாம்னுதான் சொன்னேன். கூடாதுன்னு சொல்லலையே" என்றார் நிர்வாகி.

அந்த ஒரு வாக்கியம் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. எட்டு மாதமாக அவள் பெட்டியைத் திறக்கவில்லை. அலமாரியைத் தாண்டும்போதெல்லாம் திரையைப் பார்த்தாள், ஐந்து என்று காட்டியது, நிம்மதியாக நடந்தாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. ஒன்று ஸ்டோரக்காவுக்கு, விளக்கம் கேட்டு. இன்னொன்று தங்கைக்கு. மருந்தைக் கவனக்குறைவாகச் செலுத்தியதால் விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று.

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தெட்டு வயதாகிறது. கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்களை அவளே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். ஸ்டோரக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அக்கா ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறப் போனபோதுதான் தங்கை வெடித்தாள்.

"போதும், வைக்காத. நீ ரெண்டு நிமிஷம்னு சொன்னே. அதை நம்பித்தான் டாக்டர் கையால ஆரம்பிக்கச் சொன்னார். ரெண்டு நிமிஷம்தானேன்னு. இல்லைன்னு சொல்லியிருந்தா அப்பவே குழந்தையை மேல கொண்டுபோயிருப்போம்."

"எனக்கு என்னடி தெரியும், பெட்டிக்குள்ள…"

"உனக்குத் தெரியணும்! ஸ்டோர்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியலைன்னா வேற எவளுக்குத் தெரியும்? வாய் நிறைய டேக் டேக்னு பீத்திக்கிட்டியே, திறந்து பார்க்கக் கையில என்ன வலி?"

"இந்தாம்மா, போதும்" என்றார் வீட்டுக்காரர்.

"அத்தான், நீங்க சும்மா இருங்க. அந்தக் குழந்தை கையை உதறினது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. சொட்டை எண்ணின விரல் இது. இவ அலமாரியைப் பூட்டி வச்சுக்கிட்டுத் திரையைப் பார்த்துப் பூரிச்சுப் போயிருந்தா."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்டோரக்கா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. வந்தது கோபம். முதலில் தங்கைமேல், பிறகு தன்மேல். அப்புறம் யோசிக்க யோசிக்க, சலைன் பாட்டிலைச் செய்தித்தாளில் பத்திரமாகச் சுற்றிய அந்தக் கைமேல் போய் நின்றது. பாட்டில் உருளக்கூடாது, சத்தம் வரக்கூடாது என்று எவ்வளவு கரிசனத்தோடு சுற்றியிருக்கிறான்! அந்தக் கை யாருடையது என்று தெரிந்தே ஆகவேண்டும்.

மறுநாள் காலை ஸ்டோரில் சாமான் கேட்டு வந்த சீட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கையுறை, பஞ்சு, ஊசி, எப்போதும் வருவதுதான். நடுவில் ஆறாம் மாடியிலிருந்து ஒரு சீட்டு. ஆறாம் மாடி என்பது புதிதாகக் கட்டிய சொகுசுப் பிரிவு. தரை கண்ணாடி மாதிரி இருக்கும். இன்னும் நோயாளிகளைச் சேர்க்கவில்லை. தரச்சான்று தருகிறவர்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அடுத்த வாரம் மறுபடி வருகிறார்கள். சீட்டில் "சிரிஞ்ச் பம்ப் குழாய், ஐந்து பெட்டி, அறைக்கு ஒன்று" என்று எழுதியிருந்தது.

ஸ்டோரக்கா அதை இரண்டு தடவை படித்தாள். ஆறாம் மாடிக்குப் பம்ப்பே கொடுத்ததில்லை. புது பம்ப்புக்கு ஆர்டர் போட்டிருந்தது, அது இன்னும் வரவில்லை. பம்ப் இல்லாத இடத்துக்குக் குழாய் எதற்கு? அதுவும் எண்ணி ஐந்து?

ஐந்து பெட்டிக் குழாயையும் தானே தூக்கிக்கொண்டு மேலே போனாள். வரவேற்பில் இருந்த பெண், "சாமான் அறையில வச்சிருங்கக்கா… ஐயோ, அது பூட்டியிருக்கு. சாவி நிர்வாகி சார்கிட்டதான். இங்கயே வச்சுட்டுப் போங்க" என்றாள். அந்தச் சாமான் அறைக் கதவு கூட்ட அறையை ஒட்டி இருந்தது. "பராமரிப்பில் உள்ளது" என்று காகிதம் ஒட்டியிருந்தது. கட்டி ஆறு மாதம்கூட ஆகாத அறையில் என்ன பராமரிப்பு? ஸ்டோரக்கா கதவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு நேராகக் கீழே இறங்கி மெக்கானிக் அறைக்குப் போனாள்.

மெக்கானிக்கை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என்ன கேட்டாலும் "சொல்யூஷன் இருக்கு" என்பான். அதனால் அவன் பெயரே சொல்யூஷன். ஐம்பதைத் தாண்டியவன். மருத்துவமனையின் எல்லா மெஷினையும் பழுது பார்ப்பவன், டேக் ஒட்டியதும் அவன்தான். பதினைந்து வருஷமாகப் பதினோரு மணி டீயை ஸ்டோரக்காவோடுதான் குடிப்பான். நேற்று வரவில்லை. இன்றும் வரவில்லை.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டதும் அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான்.

"சலைன் பாட்டிலை எந்தத் தேதி செய்தித்தாள்ல சுத்தினே?" என்று கேட்டாள்.

"என்னக்கா உளர்றே…"

"ஏழு வாரத்துக்கு முன்னாடி தேதி. நான் பார்த்துட்டேன். தரச்சான்றுக்காரங்க மொதல் தடவை வந்த வாரம். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

சொல்யூஷனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு திருப்புளியிடம் பேசினான்.

"ஒரு வாரம்தான்னு நிர்வாகி சார் சொன்னாருக்கா. அறைக்கு ஒரு பம்ப் இருந்தாத்தான் சான்று தருவாங்களாம். புது மெஷின் வரலை. ஸ்டோர்ல சும்மாதானே கிடக்கு, எடுத்துக் காட்டிட்டுத் திருப்பி வச்சிடலாம்னார். ஆனா அவங்க திரையையும் பார்ப்பாங்க, கீழ இருப்புக் குறையக்கூடாது, டேக்கை அங்கயே விட்டுடுன்னார். பெட்டி லேசா இருந்தா அந்தம்மா கண்டுபிடிச்சிடுவாங்க, கனம் வைன்னு சொன்னதும் அவர்தான். நீ லீவு போட்ட அன்னிக்கு அவர் சாவியால திறந்தோம்."

"ஒரு வாரம் ஏழு வாரம் ஆச்சே. வாயில என்ன வச்சிருந்தே?"

"ரெண்டு தடவை கேட்டேன். மறு ஆய்வு இருக்கு, இருக்கட்டும்னார். எனக்கு ரிட்டயர் ஆக மூணு வருஷம் இருக்குக்கா. எங்க போவேன் இந்த வயசுல?"

"அந்தக் குழந்தை எங்கடா போகும்?" ஸ்டோரக்காவின் குரல் அறையையே அதிர வைத்தது. அவனை அவள் அதுவரை "டா" போட்டுப் பேசியதில்லை. "சொட்டை எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தாளே என் தங்கச்சி, அவ எங்க போவா? நேத்து அந்த ஆள் என்னைத் திருடின்னு சொல்லாம சொன்னான். நீ இங்க திருகாணி திருகிக்கிட்டிருந்தே. என்கூட பதினஞ்சு வருஷம் டீ குடிச்சியே, ஒரு வாய்கூடவா ஒட்டலை?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. துடைக்கட்டும் என்று நின்றாள்.

"நீ விசாரணையில வந்து சொல்லு."

"முடியாதுக்கா. என்னை விட்டுடு." திருப்புளியை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுச் சொன்னான்: "ஆனா ஒண்ணு. விலை அதிகமான மெஷினுக்கு ரெண்டு டேக் வைப்போம். வெளிய ஒண்ணு, பேட்டரி மூடிக்குள்ள ஒண்ணு. வெளிய ஒட்டினதைத்தான் உரிச்சேன். உள்ள இருக்கிறது அப்படியே இருக்கு. திரையில அதைப் பழுதுன்னு போட்டு மறைச்சு வச்சிருக்கேன். பேரைத் தட்டினா வராது. நம்பரை அடிச்சா கூவும்."

ஒரு அட்டைத் துண்டைக் கிழித்து அதில் ஐந்து நம்பர்களை எழுதினான். ஸ்டோரக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஐ.சி.யூ. வாசலில் குழந்தையின் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குழந்தை இன்னும் கண் விழிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆறாம் மாடிக்கு வாங்கம்மா" என்றாள்.

"எதுக்கு?"

"உங்க குழந்தைக்கு மெஷின் இல்லைன்னு சொன்னோம்ல. இருந்துச்சு. எங்க இருந்துச்சுன்னு காட்டறேன்."

அந்த அம்மா அவளை உற்றுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை ஆறாம் மாடிக் கூட்ட அறையில்தான் நடந்தது. பெரிய மேஜை உள்ள அறை அது ஒன்றுதான். தலைமை டாக்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்ட அம்மாள், அறுவை சிகிச்சைக்கு நடுவில் வந்தவர் மாதிரி மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நிர்வாகி. எதிரே ஓரமாகத் தங்கை. அக்காவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்று நாளாக இருவரும் பேசவில்லை.

நிர்வாகி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். ஸ்டோரிலிருந்து ஐந்து மெஷின்கள் காணாமல் போயிருக்கின்றன, பொறுப்பாளர் ஏழு வாரமாகக் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை, போலீசுக்குப் போவதா வேண்டாமா என்பதைத் தலைமை டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

"ஏழு வாரமா?" என்றாள் ஸ்டோரக்கா.

"என்ன?"

"காணோம்னு நான் சொன்னது செவ்வாய்க்கிழமை. ஏழு வாரம்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?"

நிர்வாகியின் சிரிப்பு முதல்தடவையாக ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "தோராயமாச் சொன்னேன்."

"நான் தோராயமா எதுவும் சொல்லப்போறதில்ல" என்றபடி ஸ்டோரக்கா எழுந்து போய்க் கூட்ட அறையின் கதவை அகலத் திறந்து வைத்தாள். வெளியே நடையில் குழந்தையின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஸ்டோரக்கா தேடும் கருவியை மேஜைமேல் வைத்து, அட்டைத் துண்டைப் பார்த்து, முதல் நம்பரை ஒவ்வொரு எண்ணாகத் தட்டினாள். அழுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கீச் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது.

இரண்டாவது நம்பர். சத்தம் இரண்டானது. மூன்று, நான்கு, ஐந்து. பூட்டிய அறைக்குள் ஐந்தும் சேர்ந்து கத்தின. தலைமை டாக்டர் மணி பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்த ரூம்ல என்ன இருக்கு?"

"பழைய சாமான் மேடம், பராமரிப்பு…" என்று இழுத்தார் நிர்வாகி.

"சாவியைக் கொடுங்க."

"சாவி ஆபீஸ்ல…"

"உங்க இடுப்புல தொங்குதே, அது என்ன?" என்று கேட்டது தங்கை. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

கதவைத் திறந்தபோது ஐந்து பம்ப்புகளும் ஒரு மேஜைமேல் வரிசையாக இருந்தன. தூசி படியாமல் மேலே பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். உள்ளிருந்து கூவிக்கொண்டிருந்தன. தலைமை டாக்டருக்கு முன்பே குழந்தையின் அம்மா உள்ளே போய்விட்டாள். ஒரு மெஷினின் உறைமேல் விரலை வைத்தாள்.

"இதுதானா?" என்று கேட்டாள். "இதுக்காகவா என் பொண்ணு அப்படிக் கிடக்கறா? இங்க யாரும் படுக்கவே இல்லையே. காலிக் கட்டிலுக்கா வச்சிருந்தீங்க?"

நிர்வாகி வாயைத் திறந்தார். "அம்மா, இது ஒரு ரிசர்வ் ஏற்பாடு…"

"பேசாதீங்க" என்றாள் தங்கை. கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது. நாலு மாடிக்குக் கீழே நான் சொட்டு எண்ணிக்கிட்டிருந்தேன். இதை உறை போட்டுப் பாதுகாத்திருக்கீங்க, தூசி படக்கூடாதுன்னு!"

ஸ்டோரக்கா ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஐந்தையும் ஏற்றினாள். யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. நேராகக் குழந்தைகள் வார்டுக்கு இறக்கினாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றால் பொய். தங்கைக்கு வந்த கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். டேக் வேலை அவனுடையது என்று சொல்லிச் சொல்யூஷனை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஒரே ஒரு வரிக் கடிதத்தில். நிர்வாகியை "நீண்ட விடுப்பில்" அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து அவர் இதே நிறுவனத்தின் இன்னொரு மருத்துவமனையில், இதே பதவியில், இதே சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. கேட்ட அன்றைக்கு ஸ்டோரக்கா கையிலிருந்த கையுறைப் பெட்டியைச் சுவரில் விட்டெறிந்தாள். சொல்யூஷன்மேல் கோபம், சொல்யூஷனை மட்டும் அனுப்பியதிலும் கோபம். எது எவ்வளவு என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

குழந்தை ஐந்தாம் நாள் கண் விழித்தது. பதினோராம் நாள் ஐ.சி.யூ.வை விட்டு வெளியே வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள்.

அதற்கு மறுநாள் தலைமை டாக்டர் ஸ்டோரக்காவைக் கூப்பிட்டார். மேஜைமேல் தட்டச்சு செய்த ஒரு காகிதம் இருந்தது. "பிரிவுகளுக்கிடையே ஏற்பட்ட தகவல் தொடர்பு இடைவெளியால் மெஷின்கள் இருக்குமிடம் தெரியாமல் போனது. இதில் யாருடைய உள்நோக்கமும் இல்லை." கீழே ஸ்டோரக்கா கையெழுத்துப் போடக் கோடு போட்டிருந்தது.

"உங்கமேல எந்தத் தப்பும் இல்லைன்னு ஆயிடும்" என்றார் தலைமை டாக்டர். குரலில் களைப்பு இருந்தது. "எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்."

"டாக்டரம்மா, சலைன் பாட்டிலுக்கு உள்நோக்கம் இருந்துச்சா இல்லையா?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

ஸ்டோரக்கா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஸ்டோரில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள். யார் எடுத்தார், எந்தத் தேதியில், எந்தச் சாவியால், டேக்கை எங்கே ஒட்டினார்கள், கனத்துக்கு என்ன வைத்தார்கள், குழந்தை எவ்வளவு நேரம் காத்திருந்தது. "மறைத்தார்" என்ற சொல்லை எழுதி அடியில் கோடு போட்டாள். கடைசியில், "எட்டு மாதம் பெட்டியைத் திறந்து பார்க்காதது என் தவறு" என்றும் எழுதினாள்.

வீட்டுக்குப் போய்த் தங்கை முன்னால் அதை வைத்தாள். அவள் நின்றபடியே படித்தாள்.

"இந்தக் கடைசி வரியை எதுக்கு எழுதினே? இதை வச்சே உன்னை அனுப்பிடுவாங்க."

"நீதானேடி சொன்னே?"

"ஆத்திரத்துல சொன்னேன்."

"ஆத்திரத்துல சொன்னாலும் நிஜம்தானே?"

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பேனாவை வாங்கி அக்காவின் கையெழுத்துக்குக் கீழே தன் பங்குக்கு எழுதினாள். சொட்டு எண்ணியது, திருகு நழுவியது, நழுவும்போது தன் கண் கடிகாரத்தில் இருந்தது. எழுதி முடித்துவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாளில் அவள் அக்காவிடம் கேட்ட முதல் வீட்டுக் கேள்வி.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போய்த் தலைமை டாக்டரின் மேஜைமேல் அதை வைத்தார்கள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் வாங்கிக்கிட்டா பெரிய பிரச்சினை ஆகும். உங்களுக்கும்."

"வாங்கிக்கலைன்னாலும் ஆகும்" என்றாள் ஸ்டோரக்கா. "ஒரு பிரதியைக் குழந்தையோட அம்மாகிட்ட கொடுத்துட்டுத்தான் வர்றோம்."

தலைமை டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு தாளை இழுத்து, மேல் ஓரத்தில் "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டார். அக்காவும் தங்கையும் வெளியே வந்தபோது நடையின் அந்தக் கோடியில் குழந்தையின் அம்மா, தோளில் தூங்கும் குழந்தையோடு, அந்தப் பிரதியை நின்றுகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். அவள் முகம் சிவந்துகொண்டே போனது.